நூறு ராண்டும் ஒரு பழிச்சொல்லும்

1994 ஏப்ரல் கடைசி வாரத்தில் தென்னாப்பிரிக்காவின் கருப்பின மக்கள் முதன்முறையாக வாக்களித்தார்கள். அதற்குப் பிந்தைய முப்பது ஆண்டுகளைப் பற்றி இப்போது ஒரு தீர்ப்பு நிலைபெற்றுவிட்டது. விடுதலை பெற்ற மக்களை அரசின் உதவித்தொகை கெடுத்துவிட்டது. உழைத்துப் பிழைக்க வேண்டியவர்கள் மாதாமாதம் வரிசையில் நின்று கைநீட்டப் பழகிவிட்டார்கள். அந்தப் பணத்தைக் காட்டியே ஆளுங்கட்சி வாக்குகளை வளைத்துப்போட்டது. பள்ளிக்கூடப் பெண்கள்கூட உதவித்தொகைக்காகப் பிள்ளை பெறுகிறார்கள். வணிகப் பத்திரிகைகளின் பத்திகளிலும் வானொலிக்குத் தொலைபேசியில் பேசும் நேயர்களின் குரலிலும் இது ஒலிக்கிறது. அந்தக் கட்சியான ஆப்பிரிக்க தேசிய காங்கிரஸின் தலைவர்களும் உதவித்தொகை மக்களைச் சார்ந்து வாழப் பழக்கிவிடும் என்று மேடைகளில் எச்சரித்திருக்கிறார்கள். எதிரும் புதிருமானவர்கள் ஒரே கருத்தைச் சொல்லும்போது அது உண்மையாகத்தான் இருக்கும் என்று கேட்பவர்கள் நம்பிவிடுகிறார்கள்.

அது உண்மையில்லை. இந்தத் தீர்ப்பின் ஒவ்வொரு பகுதியையும் சோதித்துப் பார்க்கத் தேவையான சான்றுகள் பல ஆண்டுகளாகப் பொதுவெளியில் இருக்கின்றன. அவை தீர்ப்புக்கு எதிராகவே நிற்கின்றன. இதில் இன்னொரு கேடும் உண்டு. இந்தப் பேச்சு பேச்சோடு நின்றுவிடவில்லை. உதவித்தொகை எவ்வளவு, யாருக்கு, எந்த வயதுவரை என்பதையெல்லாம் முப்பது ஆண்டுகளாக முடிவு செய்வதில் அதற்குப் பெரும் பங்கு இருந்திருக்கிறது. அதற்கான விலையைக் கொடுத்தவர்கள் குழந்தைகள்.

முதலில் இந்தப் பேச்சின் பூர்வீகத்தைப் பார்க்க வேண்டும். ஜனநாயகம் வந்த பிறகு முளைத்த கவலை இது என்ற எண்ணமே தவறு. தென்னாப்பிரிக்காவில் முதியோர் ஓய்வூதியச் சட்டம் 1928இல் வந்தது. வெள்ளையருக்கும் கலப்பினத்தவருக்கும் மட்டுமே அது பொருந்தியது. கருப்பினத்தவரும் இந்தியரும் விலக்கப்பட்டார்கள். கருப்பின முதியவர்களை அவர்களுடைய ஊரும் உறவும் பார்த்துக்கொள்ளும் என்று காரணம் சொல்லப்பட்டது. 1913ஆம் ஆண்டு நிலச் சட்டம் அந்த மக்களை நாட்டின் நிலப்பரப்பில் ஏறத்தாழ 7 விழுக்காட்டுக்குள் முடக்கியிருந்தது. நிலத்தைப் பறித்துக்கொண்டு, ஆண்களைச் சுரங்கத்துக்கு இழுத்துக்கொண்டு, வீட்டிலிருக்கும் கிழவியை ஊர் பார்த்துக்கொள்ளும் என்றார்கள்.

அதே காலத்தில் வெள்ளையரிடையிலும் வறுமை இருந்தது. அதை ஆராய்ந்த கார்னகி ஆணையம் 1932இல் ஐந்து தொகுதிகளாக அறிக்கை வெளியிட்டது. மிகவும் வறிய நிலையில் ஏறத்தாழ 3 லட்சம் வெள்ளையர் இருப்பதாக அது மதிப்பிட்டது. கண்மூடித்தனமாகக் கொடுக்கும் தர்மமும் அரசு உதவியும் அவர்களுடைய தன்முனைப்பைக் கெடுத்துவிடும் என்ற எச்சரிக்கை அந்த அறிக்கையிலும் இருக்கிறது. ஆனால் அரசு அந்த எச்சரிக்கையைக் கேட்டுக் கையைக் கட்டிக்கொண்டிருக்கவில்லை. 1924 முதலே ரயில்வேயில் வெள்ளைத் தொழிலாளருக்கென்று இடம் ஒதுக்கியது. விவசாயிகளுக்கு மானியமும் கடனும் தந்தது. வீடு கட்டிக் கொடுத்தது. அவர்களுடைய பிள்ளைகளுக்குப் பள்ளி அமைத்தது. ஒரு தலைமுறைக்குள் ஏழை வெள்ளையர் என்ற பிரச்சினை பெரும்பாலும் மறைந்தது. அரசு தாங்கிப் பிடித்துக் கரையேற்றிய அந்தக் குடும்பங்களின் பேரப்பிள்ளைகளை இன்று யாரும் அரசை அண்டிப் பிழைத்தவர்களின் வாரிசுகள் என்று சொல்வதில்லை.

பிரதமர் ஸ்மட்ஸின் அரசு 1944இல் முதியோர் ஓய்வூதியத்தைக் கருப்பினத்தவருக்கும் இந்தியருக்கும் விரிவாக்கியது. விரிவாக்கம் பெயருக்குத்தான் முழுமை. தொகை இனத்துக்கு இனம் வேறுபட்டது. 1958இல் ஓய்வூதியம் பெற்றவர்களில் 60 விழுக்காட்டினர் கருப்பினத்தவர். ஓய்வூதியச் செலவில் அவர்களுக்குப் போய்ச் சேர்ந்ததோ 19 விழுக்காடு. எல்லா இனத்தாருக்கும் ஒரே தொகை என்ற நிலை 1993இல்தான் வந்தது. அதைச் செய்தது வெள்ளையர் ஆட்சியின் கடைசித் தலைவரான டி கிளர்க்கின் அரசு. எல்லோருக்கும் வாக்குரிமை கொடுப்பதற்கான பேச்சுவார்த்தை ஒரு பக்கம் நடந்துகொண்டிருக்க, ஓய்வூதியச் சமத்துவத்தையும் அது நிறைவேற்ற வேண்டியிருந்தது. ஆகவே, தென்னாப்பிரிக்க உதவித்தொகையின் முதுகெலும்பான முதியோர் ஓய்வூதியத்தை விடுதலைக் கட்சி வாக்குக்காகக் கண்டுபிடித்தது என்று சொல்பவர்கள் 65 ஆண்டு வரலாற்றை மறந்துவிட்டுப் பேசுகிறார்கள்.

குழந்தைகளின் கதை இதைவிடக் கொடுமையானது. தனித்து விடப்பட்ட தாய்மாருக்கும் அவர்களுடைய பிள்ளைகளுக்கும் பராமரிப்பு உதவித்தொகை ஒன்று நிறவெறி ஆட்சியிலேயே இருந்தது. 1990 வாக்கில் 1,000 இந்தியக் குழந்தைகளில் சுமார் 40 பேருக்கும், 1,000 கலப்பினக் குழந்தைகளில் 50 பேருக்கு நெருக்கமாகவும் அது கிடைத்தது. 1,000 கருப்பினக் குழந்தைகளில் 2 பேருக்குக் கிடைத்தது. இந்தியக் குழந்தைகள் என்றால் யார்? 1860 முதல் நேட்டாலின் கரும்புத் தோட்டங்களுக்குக் கப்பலேற்றப்பட்ட தமிழர், தெலுங்கர், போஜ்புரி பேசும் மக்கள் ஆகியோரின் வழிவந்தவர்கள் பெரும்பாலோர். 1928 சட்டத்தில் வெளியே தள்ளப்பட்ட அவர்களுக்கு, 1984இல் அமைந்த மூன்று அவை நாடாளுமன்றத்தின் வழியே தனி நிர்வாகம் கிடைத்திருந்தது. அந்த நிர்வாகம் உதவித்தொகையை ஓரளவு கொடுத்தது. கருப்பின மக்களுக்கு அந்த நாடாளுமன்றத்தில் இடமே இல்லை. வறுமை மிகுதியாக இருந்த இடத்துக்குப் பணம் போகவில்லை. அரசியல் உரிமை இருந்த அளவுக்குப் போனது.

இந்தப் பாரத்தோடுதான் 1994 வந்தது. அந்த ஆண்டு மே 24 அன்று நாடாளுமன்றத்தில் பேசிய மண்டேலா, கர்ப்பிணிகளுக்கும் ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கும் கட்டணமில்லா மருத்துவம், தொடக்கப் பள்ளிகளில் உணவு ஆகியவற்றை அறிவித்தார். மறுசீரமைப்பு வளர்ச்சித் திட்டத்துக்கு முதலாண்டில் 250 கோடி ராண்ட் ஒதுக்கப்பட்டது. தொழிற்சங்கத் தலைவராக இருந்த ஜெய் நாயுடு அதற்குப் பொறுப்பான அமைச்சரானார். அரசின் நடையும் பேச்சும் அப்போது கடன் தீர்க்க வந்தவரின் நடையும் பேச்சுமாக இருந்தன.

அது நீடிக்கவில்லை. 1995 பிப்ரவரியில் நாடாளுமன்றத் தொடக்க உரையில் மண்டேலாவே, கேட்டதையெல்லாம் அரசு உடனே தந்துவிட வேண்டும் என்ற மனப்பான்மையை விட்டொழிக்க வேண்டும் என்றார். அவர் அப்படிச் சொன்னதற்குச் சூழல் இருந்தது. நிறவெறி ஆட்சியை எதிர்த்து 1980களில் கருப்பினக் குடியிருப்புகளில் வீட்டு வாடகையும் குடிநீர், மின் கட்டணமும் கட்ட மறுத்துப் போராட்டம் நடந்தது. புதிய ஆட்சியில் நகராட்சிகள் பிழைக்க வேண்டுமானால் அந்தக் கட்டணங்கள் திரும்பவும் வர வேண்டியிருந்தது. கட்டணம் கட்டச் சொல்வதற்கென்று தேசம் தழுவிய ஒரு பிரசாரமே நடத்தினார்கள். ஆனால் அந்தச் சொற்கள் கட்டணத்தோடு நிற்கவில்லை. நகராட்சிப் பாக்கிக்காகச் சொன்னதை, பசித்த குழந்தையின் உதவித்தொகைக்கும் பொருத்தினார்கள். பெற்றுக்கொள்வது என்றாலே ஒழுக்கக்கேடு என்ற நிறம் அதற்கு ஏறியது.

1996 மார்ச்சில் மறுசீரமைப்புத் திட்டத்துக்கான ஜெய் நாயுடுவின் அலுவலகம் மூடப்பட்டது. ஜூனில் நிதியமைச்சர் டிரெவர் மானுவல் புதிய பொருளாதாரக் கொள்கையை வெளியிட்டார். பற்றாக்குறையைக் குறைப்பது, 2000ஆம் ஆண்டுக்குள் 6 விழுக்காடு வளர்ச்சி, ஆண்டுக்கு 4 லட்சம் வேலைகள் என்று அது வாக்களித்தது. வளர்ச்சி அதில் பாதியைத் தொடவே திணறியது. முறைசார்ந்த துறையில் வேலைகள் குறைந்தன. சோறு போடுவதற்குப் பதில் வேலை கொடுப்போம் என்று அரசு உரக்கச் சொன்ன அதே ஆண்டுகளில்தான் சுரங்கங்களிலும் துணி ஆலைகளிலும் ஆட்குறைப்பு நடந்தது. மக்கள் வேலையை விட்டுவிட்டு உதவித்தொகைக்கு ஓடவில்லை. வேலைதான் மக்களைவிட்டு ஓடியது.

இந்த நெருக்கடியில்தான் அரசு அமைத்த, பிரான்சி லண்ட் தலைமையிலான குழு குழந்தை உதவித்தொகையை வடிவமைத்தது. பழைய பராமரிப்புத் திட்டத்தில் தாய்க்கு மாதம் 430 ராண்ட் வரையும் பிள்ளைக்கு 135 ராண்ட் வரையும் கிடைத்தது. அதை அப்படியே எல்லா இனத்தாருக்கும் விரிவாக்கப் பணமில்லை என்று அரசு முன்கூட்டியே சொல்லிவிட்டது. அந்த எல்லைக்குள் நின்று குழு ஒரு நல்ல காரியம் செய்தது: பணம் தாயோடு கட்டுண்டிராமல் குழந்தையைப் பின்தொடரும் என்று விதித்தது. பாட்டி வளர்த்தால் பாட்டிக்கு. சித்தி வளர்த்தால் சித்திக்கு. சுரங்கமும் தோட்டமும் எய்ட்ஸும் சிதறடித்த குடும்பங்களுக்கு அதைவிடப் பொருத்தமான ஏற்பாடு இருக்க முடியாது. அமைச்சரவையோ 75 ராண்ட் என்று முடிவு செய்தது. பெண்கள் அமைப்புகளும் தேவாலயங்களும் நாடாளுமன்றக் குழுவின் முன் வாதாடிய பிறகு அது 100 ஆயிற்று. 1998 ஏப்ரலில் திட்டம் தொடங்கியபோது ஏழு வயது நிறையாத குழந்தைகளுக்கு மட்டுமே அது உண்டு. பழைய திட்டம் மூன்றாண்டுகளில் படிப்படியாக நிறுத்தப்பட்டது; கலப்பின, இந்தியத் தாய்மார் பலர் இருந்ததையும் இழந்தார்கள்.

தாய்மார் சும்மா வாங்கிப் பழகிவிடக் கூடாது என்ற கவலை விதிகளில் இறங்கியது. வளர்ச்சிப் பணிகளில் பங்கேற்க வேண்டும், தடுப்பூசிச் சான்று காட்ட வேண்டும் என்றெல்லாம் முதலில் நிபந்தனை போட்டார்கள். பங்கேற்க வளர்ச்சிப் பணியே இல்லாத ஊர்கள் ஏராளம். மருத்துவமனை தூரமாக இருந்த குடும்பத்தின் குழந்தை, தடுப்பூசியையும் இழந்து உதவித்தொகையையும் இழந்தது. பிறப்புச் சான்றிதழ் வாங்கவே நகரத்துக்கு இரண்டு மூன்று முறை பேருந்து ஏற வேண்டியிருந்தது. ஐந்தாண்டுகளில் 30 லட்சம் குழந்தைகள் என்பது இலக்கு. 2000 மார்ச்சில் எட்டியது சுமார் ஒன்றரை லட்சம். அந்த நிபந்தனைகளைக் கைவிட்ட பிறகே எண்ணிக்கை ஏறத் தொடங்கியது.

வயது வரம்பின் கணக்கைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். 1990இல் பிறந்த ஒரு குழந்தைக்கு, விடுதலைத் தேர்தலின்போது வயது நான்கு. 1998இல் திட்டம் வந்தபோது எட்டு, வரம்பு ஏழு. 2003இல் வரம்பை ஒன்பதாக உயர்த்தினார்கள், பிள்ளைக்குப் பதின்மூன்று. 2005இல் வரம்பு பதினான்கு; பிள்ளைக்குப் பதினைந்து. 2012இல் பதினெட்டு வயது நிறையும்வரை என்று வரம்பு முழுமையடைந்தபோது பிள்ளைக்கு இருபத்திரண்டு. 1990இல் பிறந்தவர்களுக்கு இந்தத் திட்டத்தில் ஒரு மாதத் தொகைகூட வாழ்நாளில் கிடைத்திருக்காது. சுதந்திரத்தின் முதல் பள்ளிக்கூடத் தலைமுறை அது. சார்ந்து வாழப் பழகிவிடுவார்கள் என்ற பயத்தில் ஆட்சியாளர்கள் ஒவ்வொரு முறையும் ஒரு படி மட்டும் ஏறினார்கள். அந்தத் தயக்கத்தின் நீளம் ஒரு முழுக் குழந்தைப் பருவம்.

இனி முதல் குற்றச்சாட்டு: உதவித்தொகை வாங்கியவர்கள் சோம்பேறிகளானார்கள் என்பது. இதற்கு அடிப்படையான உண்மை ஒன்றைப் பலரும் சொல்வதே இல்லை. 2020வரை, வேலை செய்யும் வயதில் உடல்நலத்தோடு இருந்து வேலை கிடைக்காமல் திண்டாடிய ஒருவருக்குத் தென்னாப்பிரிக்க அரசு எந்த உதவித்தொகையும் கொடுத்ததில்லை. முதியவருக்கு உண்டு, மாற்றுத்திறனாளிக்கு உண்டு, குழந்தைக்கு உண்டு. முப்பது வயதுக்காரர் தன் சம்பளத்திலிருந்து காப்பீட்டு நிதிக்குப் பிடித்தம் கட்டியிருந்தால் சில மாதம் ஏதோ கிடைக்கும். வேலையே கிடைத்திராதவருக்கு அதுவும் இல்லை. 2002இல் விவியன் டெய்லர் தலைமையிலான குழு எல்லோருக்கும் மாதம் 100 ராண்ட் அடிப்படை வருமானம் என்று பரிந்துரைத்தபோது, உடல் திடமுள்ளவர்கள் உழைப்பின் கண்ணியத்தைப் பெற வேண்டும் என்று சொல்லி அரசு அதை ஒதுக்கிவைத்தது. அந்தக் கண்ணியத்தைத் தர வேண்டிய வேலை மட்டும் வரவில்லை. கொடுக்கப்படாத பணம் ஒருவரைச் சோம்பேறியாக்கியது என்று எப்படிச் சொல்ல முடியும்?

சொல்வதற்கு ஒரு வழி இருந்தது: பாட்டியின் ஓய்வூதியத்தில் பேரன் உட்கார்ந்து தின்கிறான் என்பது. இதற்குச் சான்றாக ஓர் ஆய்வையும் காட்டுவார்கள். 1993ஆம் ஆண்டுக் குடும்பக் கணக்கெடுப்பை வைத்து பெர்ட்ராண்ட், முல்லைநாதன், மில்லர் ஆகிய மூவர் 2003இல் வெளியிட்ட கட்டுரை அது. ஓய்வூதியம் வரும் வீடுகளில் இருக்கும் வேலை செய்யும் வயது ஆண்கள் குறைவாக வேலை செய்கிறார்கள் என்று அவர்கள் கண்டார்கள். முடிவு பரபரப்பாகப் பரவியது. இன்றும் பரவுகிறது.

ஆனால் அந்தக் கணக்கில் ஓர் ஓட்டை இருந்தது. தென்னாப்பிரிக்கக் குடும்பம் ஒரே கூரையின் கீழ் அடங்குவதில்லை. நூறாண்டுக்கு மேலாகச் சுரங்கமும் ஆலையும் ஆட்களை ஊரிலிருந்து பிரித்தே வைத்திருக்கின்றன. வேலை கிடைப்பவர் வீட்டில் இருக்க மாட்டார். வீட்டில் இருப்பவர்களை மட்டும் எண்ணினால் வேலை கிடைக்காதவர்கள்தான் கண்ணில் படுவார்கள். டோரிட் போசலும் பிரான்சி லண்டும் இன்னொரு ஆய்வாளரும் 2006இல் வெளியூர் போனவர்களையும் குடும்பத்தோடு சேர்த்து எண்ணினார்கள். முடிவு மாறியது. ஓய்வூதியம் வரும் கிராமத்து வீடுகளில் பெண்கள் வேலை தேடி வெளியூர் போவது அதிகமாக இருந்தது, குறிப்பாக ஓய்வூதியம் பெறுபவர் பாட்டியாக இருந்தால். 2009இல் ஆர்டிங்டன், கேஸ், ஹோஸ்கூட் ஆகியோர் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். வடக்கு குவாசுலு-நாட்டாலின் கிராமங்களில் ஒரே குடும்பங்களை ஆண்டுக்கணக்கில் தொடர்ந்து பதிவு செய்த தரவு அவர்களிடம் இருந்தது. வீட்டுக்கு ஓய்வூதியம் வரத் தொடங்கிய பிறகு அந்த வீட்டின் வேலை செய்யும் வயதினர் வேலைக்குப் போவது கூடியது. வெளியூர் போவதும் கூடியது.

காரணம் புரிந்துகொள்ள முடியாததல்ல. அந்தக் கிராமங்களிலிருந்து டர்பன் 200 கிலோமீட்டர் அளவுக்குத் தள்ளி இருக்கிறது. வேலை தேடப் போக மினிபஸ் டாக்சிக்குக் காசு வேண்டும். போய்ச் சேர்ந்த இடத்தில் முதல் சம்பளம் வரும்வரை தங்கவும் தின்னவும் வேண்டும். விட்டுச்செல்லும் பிள்ளைக்குச் சோறு போட வீட்டில் ஒருவர் வேண்டும், அவர் கையில் பணம் வேண்டும். பாட்டியின் ஓய்வூதியம் இத்தனையையும் தாங்கியது. பொருளாதார ஆய்வாளர் எஸ்தர் டுஃப்ளோ 1993 தரவிலேயே வேறொன்றையும் காட்டினார்: பாட்டிக்கு ஓய்வூதியம் வந்த வீடுகளில் பேத்திகளின் உடல் வளர்ச்சி தெளிவாக மேம்பட்டிருந்தது, தாத்தாவுக்கு வந்த வீடுகளில் அந்த மாற்றம் தெரியவில்லை. சோம்பலின் ஊற்று என்று வசைபாடப்பட்ட அதே பணம், ஒரு பெண்ணை வேலைக்கு அனுப்பியிருக்கிறது, அவள் மகளை உயரமாக வளர்த்திருக்கிறது.

பிள்ளை பெறும் குற்றச்சாட்டுக்கு நீண்ட பதில் தேவையில்லை. 1998ஆம் ஆண்டு மக்கள்தொகை, சுகாதாரக் கணக்கெடுப்பில் 15 முதல் 19 வயதுப் பெண்களில் 16 விழுக்காட்டினர் தாயாகியோ கருவுற்றோ இருந்தார்கள். அப்போது குழந்தை உதவித்தொகை தொடங்கியே சில மாதங்கள்தான். 2016ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில், உதவித்தொகை ஒரு கோடிக்கும் மேற்பட்ட குழந்தைகளுக்குப் போய்க்கொண்டிருந்தபோது, அதே 16 விழுக்காடு. பணம் பிள்ளைப்பேற்றைத் தூண்டியிருந்தால் அந்த எண் எங்கேயாவது ஏறியிருக்க வேண்டும். மனித அறிவியல் ஆய்வு மன்றம் 2006லேயே இதை ஆராய்ந்து தொடர்பு இல்லை என்று சொல்லிவிட்டது. ஏழைப் பெண்ணின் கருப்பையை மாதம் நூறு ராண்டுக்கு விலைபேசும் இந்த அவதூறு அதற்குப் பிறகும் அடங்காததுதான் வேதனை.

வாக்குக் குற்றச்சாட்டு வேறு வகை. அதில் ஒரு துளி உண்மை உண்டு, அதை மறைக்கக் கூடாது. ஆளுங்கட்சி உதவித்தொகையைத் தன் கொடையாகக் காட்டிக்கொள்ளத் தயங்கியதில்லை. எதிர்க்கட்சி வந்தால் நின்றுவிடும் என்று வீடுவீடாகச் சொன்னார்கள். 2014 தேர்தலுக்கு முன் குவாசுலு-நாட்டாலின் வேளாண் அமைச்சர், அரசின் உதவித்தொகையை வாங்கிக்கொண்டு எதிர்க்கட்சிக்கு வாக்களிப்பது திருட்டு என்றே பேசினார். 2024 பிப்ரவரியில் குடியரசுத் தலைவர் ராமபோசா, 1994இல் பிறந்த டின்ட்ஸ்வாலோ என்ற கற்பனைப் பெண் அரசு கட்டிய வீட்டிலும் அரசின் உதவித்தொகையிலும் கல்வி உதவியிலும் வளர்ந்து ஆளான கதையை நாடாளுமன்றத்தில் சொன்னார். குடிமக்களுக்குச் சேர வேண்டியதைக் கட்சியின் கருணையாகச் சொல்லும் இந்தப் பேச்சு கண்டிக்கத்தக்கது.

ஆனால் பேசியதால் பலித்துவிட்டதா? ஆப்பிரிக்க தேசிய காங்கிரஸ் பெற்ற வாக்குகள்: 2004இல் 69.7 விழுக்காடு, 2009இல் 65.9, 2014இல் 62.2, 2019இல் 57.5, 2024இல் 40.2. இதே இருபது ஆண்டுகளில் உதவித்தொகை பெறுவோரின் எண்ணிக்கை இரண்டு மடங்குக்கும் மேலாக ஏறியது. குழந்தை உதவித்தொகை வேறெங்கும் போவதைவிட அதிகமாகப் போகும் மாகாணம் குவாசுலு-நாட்டால். 2024இல் அங்கே அந்தக் கட்சிக்குக் கிடைத்தது 17 விழுக்காடு. முன்னாள் குடியரசுத் தலைவர் ஜேக்கப் ஜூமாவின் புதிய கட்சி 45 விழுக்காடு வாங்கியது. உதவித்தொகை வாங்கும் கிழவியும் தாயும் வாக்குச் சாவடிக்குள் போய்த் தங்களுக்குச் சரியென்று பட்டதைச் செய்தார்கள். அவர்களை விலைபோனவர்கள் என்று ஒரு தரப்பும், நன்றி கெட்டவர்கள் என்று இன்னொரு தரப்பும் சொல்கின்றன. இரண்டு தரப்பும் ஒரே தவற்றைச் செய்கின்றன: அந்தப் பணத்தைத் தானம் என்று நினைக்கின்றன.

1996ஆம் ஆண்டு அரசியலமைப்பின் 27ஆம் பிரிவு அதைத் தானம் என்று சொல்லவில்லை. தன்னையும் தன்னைச் சார்ந்தவர்களையும் காப்பாற்ற முடியாதவர் சமூக உதவி பெறுவது ஓர் உரிமை என்கிறது. மக்கள் அந்தப் பிரிவைக் கையிலெடுத்துக்கொண்டு நீதிமன்றம் போனார்கள். கிழக்குக் கேப் மாகாண அரசு 1990களின் பிற்பகுதியில், பட்டியலில் போலிகளைக் களைகிறோம் என்று சொல்லி, மாற்றுத்திறனாளிகள் பல்லாயிரம் பேரின் உதவித்தொகையை விசாரணையின்றி நிறுத்தியது. ஏழைகள் எல்லோரும் ஏமாற்றுக்காரர்களாக இருக்கலாம் என்ற பேச்சு எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் இல்லை. அவர்கள் ஒன்றுசேர்ந்து வழக்குத் தொடுக்கலாம் என்று 2001இல் உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் நீதிபதி எட்வின் கேமரூன் தீர்ப்பெழுதினார். 2004இல் மொசாம்பிக்கிலிருந்து வந்து நிரந்தரமாகக் குடியேறியவர்களுக்கும் உதவித்தொகை உண்டு என்று அரசியலமைப்பு நீதிமன்றம் சொன்னது. வந்தேறிகள் நாட்டுக்குச் சுமையாவார்கள் என்ற வாதத்தை யொவோன் மொக்கோரோ எழுதிய அந்தத் தீர்ப்பு ஏற்கவில்லை. கைநீட்டி நிற்பவர்கள் இப்படி அரசைக் கூண்டில் ஏற்ற மாட்டார்கள்.

உதவித்தொகையை உண்மையில் யார் உறிஞ்சினார்கள் என்று கேட்டால் பதில் வேறு திசையில் இருக்கிறது. 2012இல் பணப் பட்டுவாடா முழுவதும் ஒரு தனியார் நிறுவனத்தின் கைக்குப் போனது. அந்த ஒப்பந்தம் செல்லாது என்று 2013இல் அரசியலமைப்பு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பயனாளிகளின் கணக்கிலிருந்து கைபேசிக் கட்டணம், மின்கட்டணம், கடன் தவணை என்று பணம் கழிக்கப்படுவதாக நாடெங்கும் புகார் எழுந்தது. நிறவெறிக் காலத்திலிருந்தே ஏழைப் பெண்களுக்குத் துணைநின்ற பிளாக் சாஷ் அமைப்பு அதை எதிர்த்து இயக்கம் நடத்தியது. ஒப்பந்தம் முடியும் 2017இலும் மாற்று ஏற்பாடு செய்யப்படவில்லை. கோடிக்கணக்கானோரின் ஏப்ரல் மாதத் தொகை வருமா என்றே தெரியாமல் நாடு தவித்தது. அந்த நிலைக்குக் காரணமான அமைச்சர் பத்தபீலே டிலாமினி வழக்குச் செலவில் ஒரு பங்கைத் தன் சொந்தப் பணத்திலிருந்து கட்ட வேண்டும் என்று நீதிமன்றம் உத்தரவிட்டது. அது தொடர்பான விசாரணையில் பொய்ச் சாட்சியம் சொன்னதாக 2022இல் அவர் குற்றவாளி என்று தீர்ப்பானது.

எதிர்த்தரப்பின் வலுவான வாதம் ஒன்று எஞ்சியிருக்கிறது. வேலையின்மை 30 விழுக்காட்டைத் தாண்டிய நாட்டில் உதவித்தொகை எத்தனை காலம் தாங்கும், அந்தப் பணத்தைத் தொழிலில் போட்டால் என்ன என்பது. வேலைக்கு உதவித்தொகை ஈடாகாது என்பதை அதை வாங்குபவர்களைவிட நன்றாக அறிந்தவர்கள் இல்லை. ஆனால் உதவித்தொகையை வெட்டினால் வேலை பிறக்கும் என்பதற்கு எங்கே சான்று? அதைக் குறைவாக வைத்திருந்த 1990களின் பிற்பகுதியில் வேலை பிறக்கவில்லை. வருமான வரி கட்டுவோரைவிட உதவித்தொகை வாங்குவோர் அதிகம் என்ற கணக்கும் அடிக்கடி வருகிறது. 15 விழுக்காடு மதிப்புக் கூட்டு வரியை, உதவித்தொகையில் சோப்பும் கோழிக்கறியும் வாங்கும் தாயும் கட்டுகிறார் என்பது அந்தக் கணக்கில் வருவதே இல்லை. 2024–25 நிதிநிலை அறிக்கையில் எல்லா உதவித்தொகைகளுக்கும் சேர்த்து ஒதுக்கியது சுமார் 26,600 கோடி ராண்ட். கடன் பத்திரங்களுக்கு வட்டி மட்டும் 38,000 கோடிக்கு மேல். அந்த வட்டியை வாங்குகிறவர்கள் அரசைச் சார்ந்து வாழ்கிறார்கள் என்று எந்தத் தலையங்கமும் எழுதியதில்லை.

பெருந்தொற்று வந்தபோதுதான் வேலையற்ற பெரியவர்களுக்கென்று முதல் உதவித்தொகை வந்தது. 2020 மே முதல் மாதம் 350 ராண்ட். 2021 ஏப்ரலோடு நிறுத்தினார்கள். ஜூலையில் குவாசுலு-நாட்டாலிலும் கௌட்டெங்கிலும் கலவரம் வெடித்து 350 பேருக்கு மேல் இறந்த பிறகு, ஆகஸ்டில் திரும்பவும் தொடங்கினார்கள். விண்ணப்பம் இணையத்தில் மட்டும். மாத வருமானம் 624 ராண்டைத் தாண்டினால் கிடையாது. உறவினர் அனுப்பிய சிறு தொகை வங்கிக் கணக்கில் விழுந்தாலும் அதை வருமானமாக எடுத்துக்கொண்டார்கள். இந்த விதிகளில் பல அரசியலமைப்புக்கு முரணானவை என்று 2025 ஜனவரியில் பிரிட்டோரியா உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அரசு மேல்முறையீடு செய்ய முனைந்தது. அந்த 350 ராண்ட் நான்கு ஆண்டுகள் கழித்து, 2024 ஏப்ரலில்தான் 370 ஆனது. குழந்தை உதவித்தொகை அப்போது 530. அதே ஆண்டு ஓர் ஆள் உயிர் வாழ வேண்டிய அளவுக்குச் சாப்பிட மாதம் 796 ராண்ட் வேண்டும் என்று தென்னாப்பிரிக்கப் புள்ளியியல் துறை கணக்கிட்டிருந்தது.